பேத்தி படித்த புத்தகமும் ஆச்சி படித்த பாடமும்

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போய் வந்தவள் பத்தியச் சமையலைப் பற்றி எழுதாமல், கதைப் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் பற்றி எழுத என்னைவிடக் கெட்டிக்காரிகள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அங்கே கற்றுக்கொண்டு வந்தது வேறு. அதுவும் 12 வயதுப் பேத்தியிடமிருந்து!

நியூஜெர்ஸியில் இருக்கும் என் மகளுக்கு 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் இரண்டாவது குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. வெளியே பனி, உள்ளே ஹீட்டர். பச்சை உடம்புக்காரியும் பச்சைக் குழந்தையும் ஓர் அறையில், நான் அடுப்படியில், மாப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால். மூத்த பேத்தி மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சோபா மூலையில் சுருண்டு உட்கார்ந்து ஒரு புத்தகத்தை விரித்துக்கொள்வாள். ‘பரவாயில்லையே, இந்தக் காலத்திலும் செல்போனைத் தொடாமல் புத்தகம் படிக்கிற பிள்ளை’ என்று எனக்கு உள்ளூரப் பெருமை. என்ன புத்தகம் என்று மட்டும் கேட்கவில்லை.

மார்ச் 18-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்று காலையிலிருந்தே பேத்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுப் புத்தகம் வெளிவருகிறதாம். சாயங்காலமே போய் வாங்கிவிட வேண்டுமாம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாளை ஒரு மணி நேரம் மகளுக்குத் துணை வைத்துவிட்டு, மாப்பிள்ளையோடு நானும் போனேன். கடைக்குள்ளே பார்த்தால், நம் ஊரில் பெரிய நடிகர் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்கு நிற்பதுபோல் கூட்டம்! பெரும்பாலும் பெண் பிள்ளைகள். பலர் தலைமுடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டு ஒரு தோள் வழியாக முன்னால் விட்டிருந்தார்கள். சட்டையில் பொன்னிறத்தில் ஒரு பறவை ‘பின்’. முப்பது வயதைத் தாண்டிய பெண்களும் அதே ஆவலோடு நின்றார்கள். ஒரு கதைப் புத்தகத்துக்கு இப்படி ஒரு வரவேற்பா என்று நான் வாயைப் பிளந்தேன். அந்தப் புத்தகம் ஒரே வாரத்தில், ஆங்கிலத்தில் மட்டும், 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து தோசை வார்த்துப் போட்டபடியே கேட்டேன்: “அப்படி என்னட்டீ கதை அது?”

“ஒரு நாட்டிலே வருஷா வருஷம் 24 பசங்களைப் பிடிச்சு ஒரு பெரிய காட்டுக்குள்ளே விட்டுடுவாங்க ஆச்சி. ஒருத்தரை ஒருத்தர் கொல்லணும். கடைசியா யார் உயிரோட இருக்காங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அதை டி.வி.யிலே காட்டுவாங்க. எல்லாரும் கட்டாயம் பாக்கணும்.”

தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, ஏதோ சீரியல் கதை சொல்வதுபோல் சொன்னாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிறந்த பிள்ளை இருக்கிற வீட்டில் இது என்ன பேச்சு! நான் யோசிக்கவே இல்லை. அவள் தூங்கிய பிறகு, புதுப் புத்தகத்தையும், பல தடவை படித்து முதுகு பிய்ந்து டேப் ஒட்டியிருந்த முதல் பாகத்தையும் எடுத்துக்கொண்டுபோய், சமையலறை மேல்தட்டில் அப்பள டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

மறுநாள் பேத்தி அழவில்லை, சண்டை போடவில்லை. “அது என்னோட புஸ்தகம், ஆச்சி” என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

மாப்பிள்ளையிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார். “அத்தை, இங்கே பல பள்ளிக்கூடத்துலே அதைப் பாடமாவே வைக்கிறாங்க. நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்” என்றார்.

படித்துத்தான் பார்ப்போமே! நானும் அந்தக் காலத்து பி.ஏ.தானே. ராத்திரிகளில் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, மறு கையில் புத்தகத்தைப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன்.

எண்ணெய்க்கும் தானியத்துக்கும் ஒரு சீட்டு

புத்தகத்தின் பெயர் ‘தி ஹங்கர் கேம்ஸ்’. எழுதியவர் சூசன் காலின்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. 2008-இல் வெளிவந்தது.

பேரழிவுக்குப் பிறகு வட அமெரிக்கா இருந்த இடத்தில் ‘பானெம்’ என்றொரு நாடு. நடுவே செல்வம் கொழிக்கும் தலைநகரம். அதைச் சுற்றி, அதற்காக உழைத்து உழைத்துத் தேயும் 12 மாவட்டங்கள். முன்னொரு காலத்தில் அவை கலகம் செய்ததற்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் கொடுக்க வேண்டும். யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள்.

நம்மைப் போன்ற குடும்பப் பெண்களுக்குச் சட்டென்று உறைக்கிற விஷயம் இனிமேல்தான் வருகிறது. 12 வயதில் ஒரு சீட்டு, 13 வயதில் இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்கு இன்னொரு ‘சலுகை’ உண்டு. கூடுதலாக ஒரு சீட்டு எழுதிப் போட்டால், ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு அரைவயிற்றுக்குத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும்! கதாநாயகி காட்னிஸ் தனக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு என்று 12 வயதிலிருந்தே இப்படி வாங்கியதால், 16 வயதில் அவள் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. ரேஷன் கடையில் கால்கடுக்க நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்! அடுக்களையில் எண்ணெய் குறையக் குறைய, சாவுச் சீட்டு கூடிக்கொண்டே போகிறது.

அந்த வருஷம் குலுக்கலில் வந்தது அவள் பெயர் அல்ல. அப்போதுதான் 12 வயதாகி ஒரே ஒரு சீட்டு போட்டிருந்த தங்கை பிரிம் பெயர். வளர்க்கும் ஆட்டின் பாலில் பாலாடைக்கட்டி செய்கிற பூஞ்சைக் குழந்தை. “அவளுக்குப் பதில் நான் போகிறேன்” என்று அக்கா முன்வருகிறாள். கதை அங்கே சூடு பிடிக்கிறது.

எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. இது கொலையை ரசிக்கச் சொல்லும் கதை அல்ல. பிள்ளைகள் சாவதை வேடிக்கை பார்க்கிற பெரியவர்களைப் பார்த்து, ‘உங்களுக்கு வெட்கமாக இல்லையா?’ என்று கேட்கிற கதை. ‘பானெம்’ என்ற பெயரே லத்தீனில் ரொட்டியைக் குறிக்கும் சொல். ஜனங்களுக்கு ரொட்டியும் வேடிக்கையும் கொடுத்தால் போதும், வாயைத் திறக்க மாட்டார்கள் என்று ரோமாபுரியில் ஒரு புலவர் நையாண்டி செய்தார் அல்லவா? அங்கிருந்து எடுத்தது.

இந்த அம்மாளுக்கு எங்கிருந்து வந்தது இந்தக் கதை?

சூசன் காலின்ஸ் அதற்கு முன் குழந்தைகள் டெலிவிஷனுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஒரு ராத்திரி டி.வி.யில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தாராம். ஒரு சேனலில் இளைஞர்கள் போட்டி போடும் நிகழ்ச்சி. இன்னொன்றில் இராக் யுத்தக் காட்சிகள். தூக்கக் கலக்கத்தில் இரண்டும் ஒன்றாகிவிட, அதிலிருந்து பிறந்ததாம் கதை. சிறு வயதில் படித்த கிரேக்கப் புராணமும் கூடச் சேர்ந்துகொண்டது. கிரீட் தீவின் ராஜாவுக்கு ஏதென்ஸ் நகரம் தன் பிள்ளைகளை ஒரு ராட்சசனுக்கு இரையாக அனுப்ப வேண்டியிருந்தது என்ற கதை அது. நம் மகாபாரதத்தில் பகாசுரனுக்கு வீட்டுக்கு ஒருவராகப் போனார்களே, அதே மாதிரி!

இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய தந்தை விமானப் படை அதிகாரி. சூசனுக்கு 6 வயதாக இருக்கும்போது வியட்நாம் யுத்தத்துக்குப் போய்விட்டார். அப்பா எப்போது வருவார், வருவாரா என்று தெரியாமல் கழிந்த அந்த ஒரு வருஷத்தைப் பற்றி 2013-இல் சின்னக் குழந்தைகளுக்காகவே ஒரு படப் புத்தகம் எழுதியிருக்கிறார். யுத்தத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேச வேண்டும் என்பது அந்தத் தகப்பனார் அவருக்குக் கொடுத்த பாடம்.

ராமராஜ்யத்துக்கு நேர் எதிர்

மூன்றாம் நாள் ராத்திரியோடு முதல் பாகத்தை முடித்துவிட்டு, மறுநாள் காலை இரண்டு புத்தகங்களையும் பேத்தியின் மேஜையில் வைத்தேன். “நான் செஞ்சது தப்புட்டீ. உன்னைக் கேக்காம எடுத்திருக்கக் கூடாது” என்றேன். ஆச்சி மன்னிப்புக் கேட்டதைவிட, ஆச்சி படித்து முடித்ததுதான் அவளுக்கு ஆச்சரியம். அந்தச் சனிக்கிழமையே என்னை லைப்ரரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இந்த வகைக்கென்றே ஓர் அலமாரி!

இதற்கு ‘டிஸ்டோபியா’ என்று பெயர். நாம் ராமராஜ்யம் என்கிறோமே, அதற்கு நேர் எதிரான ராஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இலும், நம் பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1949-இலும் எழுதிய நாவல்கள் பெரியவர்களுக்கானவை. பிள்ளைகளையே நாயகர்களாக்கிய கதைகளில், இன்றுவரை பேசப்படுவது லோயிஸ் லவ்ரி 1993-இல் எழுதிய ‘தி கிவர்’. அமெரிக்காவில் குழந்தை இலக்கியத்துக்குத் தரும் பெரிய பரிசான நியூபெரி பதக்கம் 1994-இல் அதற்குக் கிடைத்தது.

அந்தக் கதையில் வரும் ஊரில் பசி இல்லை, வலி இல்லை, சண்டை இல்லை. ஆனால் நிறமும் இல்லை, பழைய நினைவும் இல்லை! ஊருக்கே சேர்த்து ஒரே ஒருவர் எல்லா ஞாபகங்களையும் சுமக்கிறார். அவருக்கு அடுத்தபடி சுமக்க 12 வயதுப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். லவ்ரி இதை எழுத ஒரு காரணம், முதுமையில் ஞாபகம் மங்கிய தன் தகப்பனார். இறந்துபோன மூத்த மகளின் போட்டோவைப் பார்த்து, ‘இவளுக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்டாராம். மகள் இறந்த துக்கம் அவருக்கு மறந்துவிட்டது. துக்கத்தை மறந்துவிட்டால் நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் துக்கத்தோடு அந்த மகளும் அல்லவா போய்விட்டாள்!

அடுத்து பேத்தி எடுத்துக் காட்டியது, ஸ்காட் வெஸ்டர்ஃபீல்டின் ‘அக்லீஸ்’ (2005). அந்த நாட்டில் 16 வயதானால் எல்லோருக்கும் ஆபரேஷன் செய்து அழகாக்கிவிடுவார்கள். அதுவரைக்கும் எல்லோரும் ‘அவலட்சணம்’தான். “நிறம் கொஞ்சம் மட்டு”, “மூக்கு அப்பா மாதிரி ஆயிட்டுதே” என்று பிள்ளைகள் காதுபடவே பேசுகிறவர்கள் நம் வீடுகளில் இல்லையா? நானும் பேசியிருக்கிறேன்.

வெரோனிகா ராத் என்ற இளம் பெண் கல்லூரியில் படிக்கும்போதே எழுதி, 2011-இல் வெளியிட்டது ‘டைவர்ஜென்ட்’. அதில் ஜனங்கள் ஐந்து பிரிவாகப் பிரிந்து கிடக்கிறார்கள். 16 வயதில் ஒரு பரீட்சை. அதற்கப்புறம் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் ஆயுசுக்கும் அதுதான். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம், “ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா? இப்பவே சொல்லு, வாழ்க்கையே இதுலதான் இருக்கு” என்று நாம் நிற்கிறோமே, அந்தக் காட்சி எனக்கு நினைவு வந்தது.

இப்போது புரிகிறதா, பிள்ளைகள் ஏன் இவற்றை விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என்று? நமக்கு இது நடக்காத உலகம். அவர்களுக்கு இது தினமும் பார்க்கிற உலகத்தையே பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது. யாரோ விதி போடுகிறார்கள், யாரோ மார்க் போடுகிறார்கள், எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள். அதன் நடுவே தங்கள் வயதுள்ள ஒருத்தி, பயத்தோடேயே, தானாக ஒரு முடிவு எடுக்கிறாள். அந்த முடிவுக்கு மதிப்பும் இருக்கிறது.

மூன்று விரல்

இந்த மோகம் புத்தகத்தோடு நிற்கவில்லை. 2012-இல் ‘ஹங்கர் கேம்ஸ்’ படமாக வந்தபோது, கதாநாயகியைப் பார்த்துப் பெண் பிள்ளைகள் வில்வித்தை வகுப்புகளில் சேர்ந்தார்கள். கதையில் ஒரு சைகை வருகிறது. இடது கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து, பிறகு முன்னால் நீட்டுவது. ‘நன்றி, உன்னை மதிக்கிறேன், போய் வா’ என்று, அன்புக்குரியவர்களுக்குச் செய்வது. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, எதிர்த்தவர்கள் இந்த மூன்று விரலைத்தான் உயர்த்தினார்கள். அந்த நவம்பரில், பிரதமராகிவிட்ட ராணுவத் தளபதியின் முன்னால் அப்படி விரலை உயர்த்திய மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, அங்கே ஆஸ்பத்திரிப் பணியாளர்கள்கூட அதே மூன்று விரலை உயர்த்தினார்கள். பிள்ளைகள் படிக்கும் கதைதானே என்று நான் அப்பள டப்பாவுக்குப் பின்னால் போட்டேனே, அதற்கு எவ்வளவு பலம் பாருங்கள்!

ஆனால் பிரியமாகப் படித்தவர்கள் எல்லோரும் சரியாகப் படித்தார்கள் என்று சொல்ல முடியாது. கதையில் ரூ என்று 12 வயதுப் பெண் வருகிறாள். கரும் பழுப்பு நிறம் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. அப்படியும், படத்தில் அந்த வேஷத்தில் கறுப்பினச் சிறுமி நடித்ததைப் பார்த்து, சில ரசிகர்கள் கோபித்துக் கொச்சையாக எழுதினார்கள். படத்தின் இரண்டாம் பாகம் 2013-இல் வந்தபோது, பட்டினியைப் பற்றிய கதையை வைத்து சாண்ட்விச் விளம்பரம் செய்தார்கள். தலைநகரத்துச் சீமாட்டிகளின் பகட்டைக் கேலி செய்யும் கதையை வைத்து மேக்கப் சாமான் விற்றார்கள். “அவங்க புஸ்தகத்தைப் புரிஞ்சுக்கவே இல்லை, ஆச்சி” என்று பெரிய மனுஷி மாதிரி தலையில் அடித்துக்கொண்டாள் பேத்தி.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. பள்ளி லைப்ரரிகளிலிருந்து எந்தப் புத்தகங்களை எடுக்கச் சொல்லி அதிகப் புகார் வருகிறது என்று அமெரிக்க நூலகச் சங்கம் வருஷந்தோறும் பட்டியல் வெளியிடுகிறது. 2010, 2011, 2013 ஆகிய வருஷங்களில் முதல் பத்துக்குள் ‘ஹங்கர் கேம்ஸ்’ இருந்தது. புகார் கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் அவர்களில் ஒருத்தியாகத்தானே இருந்தேன்!

“எந்தப் பக்கத்தை அடிக்கடி படிக்கிறே?”

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்று லைப்ரரியிலிருந்து திரும்பி, மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன்: “இத்தனை தடவை படிச்சிருக்கியே, எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பே?” வில்லும் அம்பும் வருகிற இடத்தைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் முதல் பாகத்தை எடுத்து, தானாகவே விரிந்துகொண்ட ஓர் இடத்தைக் காட்டினாள்.

காட்னிஸுக்கு 11 வயதில் சுரங்க விபத்தில் அப்பா இறந்துவிடுகிறார். அம்மா அப்படியே உறைந்துபோகிறாள். நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி, படுத்தால் படுத்தபடி. பிள்ளைகள் பசியால் வாடுவதுகூட அவள் மனசில் ஏறவில்லை. அக்காக்காரி தங்கையைக் காப்பாற்றத் தெருத்தெருவாக அலைகிறாள். நானும் அதைப் படித்தேன்தான். ‘ஐயோ பாவம்’ என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

பேத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “ஆச்சி, எங்கம்மாவும் அந்த அம்மா மாதிரி ஆயிட்டாங்களா? இனிமே தம்பியை நான்தான் பாத்துக்கணுமா?”

எனக்குப் பேச்சு வரவில்லை.

பிள்ளை பிறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. மகள் தலை வாருவதில்லை. குழந்தை அழுதால் நான் எடுக்கும்வரை சுவரைப் பார்த்தபடி இருப்பாள். சாப்பாடு தட்டில் காய்ந்துபோகும். “ராத்திரி முழிப்பு, பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை, “அத்தை இருக்காங்க, பாத்துக்குவாங்க” என்று இருந்துவிட்டார். பெரியவர்கள் இரண்டு பேர் பார்க்கத் தவறியதை, சோபா மூலையில் புத்தகத்துக்குள் முகம் புதைத்திருந்த குழந்தை பார்த்திருக்கிறாள். வாய்விட்டுக் கேட்கத் தெரியாமல், அந்தக் கேள்வி எழுதியிருந்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். நானோ அதையும் பிடுங்கி ஒளித்து வைத்தேன்!

அன்று ராத்திரியே மாப்பிள்ளையிடம் பேசினேன். இரண்டு நாளில் டாக்டரிடம் அழைத்துப் போனோம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்றார்கள். தாய்மார்களை இதற்காகக் கேள்வி கேட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் முதன்முதலில், 2006-இல், சட்டம் செய்த மாநிலமே நியூஜெர்ஸிதான். என் மகளிடமும் கேள்வித்தாள் கொடுத்தார்களாம். ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று குறித்துக் கொடுத்துவிட்டாளாம்! “நல்ல புருஷன், நல்ல பிள்ளை, கூட அம்மா, இவ்வளவும் இருக்கும்போது அழுகையா வருதுன்னு எப்படிம்மா எழுதறது?” என்று என் மடியில் படுத்து அழுதாள்.

சகோதரிகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். பிள்ளை பெற்ற சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாகப் போய்விடும். அதற்கு மேலும் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், குழந்தையின் மேல் ஒட்டுதல் வரவில்லை என்று தோன்றினால், அது வியாதி. திமிரும் அல்ல, தாய்ப்பாசக் குறைவும் அல்ல. அமெரிக்காவில் சுமார் எட்டுத் தாய்மார்களில் ஒருவருக்கு இது வருகிறது. பேசித் தீர்க்கும் சிகிச்சை உண்டு. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு; ஆனால் டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. நம் நாட்டில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், ‘டெலி மானஸ்’ என்ற அரசாங்க மனநல உதவி இலவசமாகக் கிடைக்கும்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: மூத்த குழந்தையிடம் மறைக்காதீர்கள் என்று. மகளே பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். “எனக்கு உடம்பு சரியில்லை கண்ணு. மருந்து சாப்பிடறேன், சரியாயிடும். உன்னாலேயும் இல்லை, தம்பியாலேயும் இல்லை. தம்பியைப் பாத்துக்க நாங்க பெரியவங்க இருக்கோம். நீ பள்ளிக்கூடம் போ, படி, விளையாடு.” பேத்தி யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அந்த அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமா எழுந்திருச்சிடுவாங்கம்மா. அவங்க மருந்து கொடுக்கிறவங்க. எல்லாருக்கும் வைத்தியம் பாப்பாங்க.” மே மாத வாக்கில் என் மகள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது தானாகப் பாட ஆரம்பித்தாள். நான் அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

தாய்மார்களுக்கு நான் சொல்வது

எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் ஆகாது. இந்த வரிசையை 12 வயதுக்குக் கீழே கொடுக்காமல் இருப்பது நல்லது. இரவில் பயப்படுகிற சுபாவமுள்ள குழந்தை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். மூன்றாம் பாகம் முழுக்க யுத்தம். முதல் இரண்டைவிடக் கடுமை. ஆனால் பிடுங்கி வைப்பதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை படியுங்கள். இங்கிலீஷ் வராது என்றால் பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லுங்கள். சொல்லச் சொல்ல அது தன்னையும் சேர்த்துச் சொல்லும்.

‘எதற்கு இந்தக் கண்றாவி?’ என்று கேட்காதீர்கள். ‘உனக்கு யாரைப் பிடிக்கும்? யார் மேலே கோபம்? நீயாக இருந்தால் என்ன செய்வே? எந்த இடத்தைத் திரும்பப் படிக்கிறே?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ கேட்டால் இன்னும் நல்லது. முகத்துக்கு நேரே உட்கார்ந்து கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் வாய் திறக்காது.

ஜூலை கடைசியில் நான் ஊருக்குக் கிளம்பினேன். ஏர்போர்ட்டில் உள்ளே போகும்முன் திரும்பிப் பார்த்தால், பேத்தி இடது கை மூன்று விரலை உதட்டில் வைத்து என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த ஊர்க் கதையில் அதைச் சாவு வீட்டிலும் செய்வார்கள். புறப்படுகிற நேரத்தில் அபசகுனம் என்று வேறு சமயமாயிருந்தால் அதட்டியிருப்பேன். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நானும் மூன்று விரலை உயர்த்தினேன்.